வத்தளையில் படம் எடுக்க எங்கே போவது

கொழும்பில் படம் எடுக்க நல்ல இடம் எது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும். காலிமுகத்திடல், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், சுதந்திரச் சதுக்கம், இப்போது புதிதாகத் தாமரைக் கோபுரம். கொழும்புக்கு வடக்கே ஒட்டியிருக்கிற எங்கள் வத்தளையில் இருக்கிற பிள்ளைகளும் கையில் கமரா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே 240 பஸ்ஸில் ஏறிக் கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், அவையெல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் "எங்கட ஊரில எடுக்க என்ன இருக்கு?" என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நான் பல வருடங்களாக இந்த ஊரிலேயே படம் எடுக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், கொஞ்சம் தள்ளிப் போனால் ஓட்டோவில் போகும் தூரம். அதற்குள்ளேயே எடுத்து முடியாத அளவு இருக்கிறது.

தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, போனில் வரைபடத்தைத் திறந்து ஊர் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். தெற்கு எல்லையில் களனி கங்கை. மேற்கில் கடல். இடையில் புத்தளத்துக்குப் போகிற ஏ3 வீதி, ஹமில்டன் கால்வாய், கடற்கரை என்று எல்லாமே ஏறக்குறைய ஒரே போக்கில் வடக்கு நோக்கி ஓடுகின்றன. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியும் அந்தப் போக்கில்தான் போகிறது. அதனால் இந்த ஊரில் காலை வெயிலும் பின்னேர வெயிலும் எதையும் பக்கவாட்டில்தான் தொடுகின்றன. வீதியின் நீளவாக்கில் நின்று பார்த்தாலும் கால்வாயின் நீளவாக்கில் நின்று பார்த்தாலும் ஒரு கரை வெளிச்சத்திலும் மறு கரை நிழலிலும் இருக்கும். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பையும் வலையின் கண்களையும் வயதானவர்களின் கைச்சுருக்கத்தையும் காட்டித்தருவது இந்தப் பக்கவாட்டு வெளிச்சம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இடம் தேடுகிற வேலை பாதியாகிவிடும். காலையில் போனால் மேற்குக் கரையைப் பாருங்கள், பின்னேரம் போனால் கிழக்குக் கரையை.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் இடத்தின் பெயரோடு மாதமும் மணியும் எழுதிவைப்பேன். "ஹெந்தளைப் பாலம், ஜனவரி, காலை ஆறே முக்கால்" என்பது எனக்கு ஓர் இடம். அதே பாலம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேறு இடம், அநேகமாக எடுக்கத் தேவையில்லாத இடம். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதிக்கிறது, பின்னேரமும் கிட்டத்தட்ட அதே மணிகளுக்குள் மறைகிறது. சூரியன் போன பிறகு மிஞ்சுகிற மங்கல் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும். குளிர்நாட்டுக்காரர் காணொளிகளில் சொல்கிற அந்த நீண்ட மாலை நமக்கு இல்லை. ஆகவே நிற்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகவேண்டும்.

எனக்கு இந்த ஊரில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது கால்வாய். எல்லோரும் ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்களும் இந்தப் பகுதியில் உண்டுதான். ஆனால் ஹேகித்தையில் களனி கங்கையிலிருந்து பிரிந்து நீர்கொழும்பு வரைக்கும் 14.5 கிலோமீற்றர் ஓடுகிற இதை வெட்டியது ஆங்கிலேயர். 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். அப்போதிருந்த அதிகாரி கெவின் ஹமில்டனின் பெயர்தான் கால்வாய்க்கு. முத்துராஜவெலச் சதுப்பு ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். உப்புத் தண்ணீர் ஏறி வயல் கெட்டுப்போனதால் அந்தத் தண்ணீரை வடித்துவிடத்தான் இவ்வளவு பாடும். வயல் திரும்பி வரவில்லை, கால்வாய் மட்டும் நின்றுவிட்டது.

காலையில் காற்று விழுந்து கிடக்கும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் அசையாது. மேற்குக் கரை வீடுகளில் வெயில் விழ, அந்த வீடுகளின் நீலச் சுவரும் மஞ்சள் சுவரும் தென்னைகளும் கட்டிவைத்த வள்ளங்களும் அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். ஒன்பது, பத்து மணிக்குக் கடற்காற்று கிளம்பினதும் இது முடிந்துவிடும். தண்ணீர் சிலிர்க்கத் தொடங்கினால் நான் கமராவை மூடிவிடுவேன். ஹெந்தளையிலிருந்து எலகந்தப் பக்கம் கரையோடு நடந்து போங்கள். உடுப்புத் தோய்க்கிற கல், வள்ளத்துக்குத் தார் பூசுகிறவர், பள்ளிக்கூடம் போகிற வெள்ளைச் சட்டைகள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீந்தும் கபரக்கொய்யா என்கிற பெரிய உடும்பு, நீர்க்காகம், மீன்கொத்தி. கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், எதிரே நிறம் நன்றாக வரும். மேற்குக் கரைக்குப் போய்ச் சூரியனைப் பார்த்து நின்றால் ஆட்களும் வள்ளங்களும் கருநிழலாகிவிடும். இரண்டும் வேண்டும்தான், ஆனால் பழகும் நாட்களில் ஒரு கரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள்.

பாலங்களில் நின்று எடுப்பதைவிடப் பாலத்தைக் கடப்பவர்களை எடுப்பது எனக்குப் பிடிக்கும். கீழே கரையில் குந்திக்கொண்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே வானம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர் வருவார், குடையோடு பூசைக்குப் போகிற அம்மா வருவார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். நாம் எங்கும் அலையத் தேவையில்லை, ஊரே ஒவ்வொருவராக நம் படச்சட்டத்துக்குள் வந்து போகும்.

போப்பிட்டிய வரைக்கும் போக முடிந்தால் முத்துராஜவெல. அங்கே பார்வையாளர் நிலையத்திலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை எடுக்கிறவர்கள் நீண்ட லென்ஸோடு போகிறார்கள், என்னிடம் அது இல்லை. எனக்கு அங்கே வேண்டியது டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்புகார். புல்லும் கண்டலும் நீரும் மூன்று சாம்பல் படைகளாக நிற்க, தூரத்தில் கெரவலப்பிட்டிய மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். சிலர் அந்தப் புகைபோக்கியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு "இயற்கை" என்று போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். சதுப்பும் மின்நிலையமும் அதிவேக வீதியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருப்பதுதான் இந்த ஊர். இன்னும் இருபது வருடத்தில் எது எதை விழுங்கியது என்று பார்க்க நம் படங்கள் வேண்டும்.

கடற்கரைப் பக்கம் பள்ளியாவத்தையிலிருந்து உஸ்வெட்டகெய்யாவ வரை. இது மேற்குப் பார்த்த கரை என்பதால் வருடத்தின் எந்த நாளிலும் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். ஆனால் இறங்கும் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூனில் வலப்பக்கம் போய்விடும், டிசம்பரில் இடப்பக்கமாகக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கிட்ட வரும். நேரே க்ரேன்களுக்குப் பின்னால் விழாது, ஆனால் அந்த மாதங்களில் சிவப்பு அவற்றுக்குப் பின்னால் வரைக்கும் பரவும். தெற்கே பார்த்தால் துறைமுகக் க்ரேன்களும் நகரத்தின் உயரக் கட்டடங்களும் வரிசையாகத் தெரிகிற இடம் இது. காலிமுகத்திடலில் நின்று நகரத்தை எடுக்கிறவர்களுக்குக் கிடைக்காத தூரம் நமக்குக் கிடைக்கிறது. அந்த நகரத்துக்கு முன்னால் வள்ளம் இழுக்கிற மனிதர்களை வைத்து எடுத்தால், கொழும்பைப் பற்றி வேறு எந்தப் படமும் சொல்லாததை அது சொல்லும்.

வற்றுப்பெருக்கைப் பார்த்துப் போகவேண்டியதில்லை. இங்கே அதன் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பார்க்கவேண்டியது அலையை. மே தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்களில் அலை அடித்துச் சிதறும், லென்ஸ் முழுக்க உப்பு. மெல்லிய துணியும் சுத்தமான தண்ணீரும் கொண்டுபோகவேண்டும், உப்போடு உலரவிட்டால் துடைக்கும்போது கண்ணாடியில் கீறல் விழும். ஒக்டோபருக்குப் பிறகு கடல் அடங்கும். அப்போதுதான் கரைவலை. வலையை வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து வருவது மணிக்கணக்காகப் போகிற வேலை. அவசரப்பட்டு, மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும் கடைசி நேரத்தை மட்டும் எடுக்கிறார்கள் எல்லோரும். எனக்கு அதற்கு முந்தின நேரம்தான் பெரிது. கயிறு தோளில் ஏறியிருக்க, உடம்பு பின்னே சாய, கால் மணலில் புதைய, பாட்டு ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். அந்தக் கரையில் வாடி, அதாவது மீனவர் கொட்டில், வைத்திருக்கிற வயதானவர், கத்தோலிக்கர், சிங்களமும் தமிழும் ஒன்றுபோலக் கதைப்பார். நான் ஒருநாள் விடிய வந்து வாடிக்குப் பின்னால் வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தேன். "மகள், அங்க நிண்டு என்ன செய்யப் போறீங்க? இன்னும் அரை மணித்தியாலத்துல வெயில் அந்தத் தென்னைக்கு மேலால வரும். வந்தா இந்த வலைக் குவியல்லதான் முதல் விழும். இதுல இருங்க" என்றார். அவர் படம் எடுத்ததே இல்லை. வெயில் எங்கே முதலில் விழும் என்பது வலை காயப்போடுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். அன்றிலிருந்து நான் எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே வேலை செய்கிறவர்களைத்தான் கேட்கிறேன். பாண் போடுகிறவருக்கு எந்தத் தெரு எத்தனை மணிக்கு விழிக்கும் என்று தெரியும். ஓட்டோத் தரிப்பிடத்தில் இருப்பவர்களுக்கு எந்த ஒழுங்கையில் மழைத் தண்ணீர் நிற்கும், எதில் தெருவிளக்கு எரியாது என்று தெரியும். ஒரு சிறிய ஊரில் நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது.

அனுமதி விஷயத்தை நான் லேசாக எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் கமரா என்றால் பயம் இருந்தது. போர் முடிந்த 2009க்கு முந்திய வருடங்களில் களனிப் பாலத்தடியில் சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பஸ்ஸை விட்டிறங்கி வரிசை. பாலத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை கமராவோடு நின்றால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அதனால் அந்தக் காலத்து வத்தளையின் படங்கள் எங்கள் குடும்பங்களில் அநேகமாக இல்லை. கலியாணம் இருக்கிறது, சாமத்தியவீடு இருக்கிறது, ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் நின்ற படம் இருக்கிறது, தெரு இல்லை. இன்று எங்கள் பிள்ளைகள் தெருவை எடுக்கவேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான். வெறும் அழகுக்காக என்றால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

இன்றும் எல்லா இடத்திலும் எடுக்கமுடியாது. திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்துக்குள் போகக் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும். மின்நிலையத்தின் வாசல், படையினர் நிற்கும் இடங்கள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தேவாலய வாசல்களில் பையைத் திறந்து பார்த்தார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை, அவர்கள் இழந்தது அப்படி. புனித அன்னாள் தேவாலயமாக இருந்தாலும் கோயிலாக இருந்தாலும் மாபோலப் பள்ளிவாசலாக இருந்தாலும் முதல் நாள் கமரா இல்லாமல் போய்ப் பொறுப்பானவரோடு கதைத்துவிட்டு வருவது என் வழக்கம். ஹெந்தளையில் 1708இல் ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. பழைய கட்டடம் பார்க்க ஆசையாக இருக்கும். அது இன்றும் மருத்துவமனை, உள்ளே இருப்பவர்கள் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் உற்றுப் பார்த்ததில் நொந்தவர்கள். நான் அங்கே கமராவை வெளியே எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன். தண்டவாளமும் அப்படித்தான். ஹுணுப்பிட்டியப் பக்கம் போய்க் கோச்சி வரும் வரைக்கும் தண்டவாளத்தில் நின்று எடுக்கிற பிள்ளைகளைக் கண்டால் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்லவேண்டும். விடியற்காலை வெளிச்சம் நல்லதுதான், ஆனால் ஆளில்லாத கரையில் தனியே நின்று கமராக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. நான் கால்வாய்க்கரையையும் தேவாலயச் சுற்றையும் அதிகம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விடிய ஐந்தரைக்கே அங்கே அம்மாமார் பூசைக்கு நடக்கிறார்கள். ஒரு தெருவில் அடிக்கடி தெரிந்தால் நாலு வீட்டுக்காரர் பழக்கமாவார்கள், "இண்டைக்கு என்ன மகள் லேட்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த தெரு எனக்கு நல்ல இடம்.

மத்தியானத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேரே உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கும். நமக்கு அது ஏப்ரல் 7ஐ ஒட்டி, மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குக் கொஞ்சம் முன்னால். நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். முகம் எடுக்க அது கொடிய நேரம். அப்போது வெளியை விட்டுவிட்டு வாசல்களுக்குப் போங்கள். நீர்கொழும்பு வீதியின் ஒழுங்கைகளுக்குள் தையல்கடை, பழைய பேக்கரி, சைவக்கடையின் பின்கட்டு. வெயில் வெளிச் சிமெந்தில் பட்டுத் தெறித்து உள்ளே மெத்தென்று வரும். வாசலுக்கு ஓரடி உள்ளே ஆளை நிற்கவைத்து, முகத்தை வெளியே பார்க்கவைத்தால் ஸ்டூடியோ விளக்கு தோற்றுப்போகும். இதற்குப் போன் கமராவே தாராளம். என்னிடம் இருப்பது பழைய கமராவும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும். வத்தளைக்கு அது போதும். இந்த ஊரின் ஈரப்பதனுக்கு விலைகூடிய லென்ஸ் வாங்கிப் பையில் அடைத்துவைத்தால் பங்கசு பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள், எல்லாவற்றையும்விடக் கமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பாவியுங்கள்.

மழைக்காலத்தை வீணாக்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு கொட்டும். மழைக்கு முந்தின அரை மணியில் வானம் கறுத்து, சூரியன் மட்டும் மேற்கே திறந்திருந்தால் கால்வாயின் கிழக்குக் கரை முழுக்கப் பொன்னாக எரியும், பின்னால் கரிய மேகம். வருடத்தில் மிகச் சில நாட்களே அது கிடைக்கும், அதற்காகவே அந்த மாதங்களில் நான் பின்னேர வேலை ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. மழை கழுவிவிட்ட மறுநாள் விடிய, உயரமான மொட்டைமாடி கிடைத்தால் கிழக்கே பாருங்கள். ஏறக்குறைய 70 கிலோமீற்றருக்கு அப்பால் சிவனொளிபாதமலை கூம்பாக நிற்பது தெரியும். சூரியன் ஏறிவிட்டால் புகாரில் மறைந்துபோகும்.

மே மாதப் பௌர்ணமிக்கு வெசாக் கூடுகள், டிசம்பரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பாலன் குடில். இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் எடுக்கிறார்கள். ஏற்றிய பிறகு எடுப்பதைவிடக் கட்டும்போது எடுங்கள் என்று மட்டும் சொல்வேன். மூங்கில் பிளந்து, பசை காய்ச்சி, பையன்கள் இரவிரவாக நின்று வேலை செய்கிற அந்த ஒரு கிழமை.

இருட்டைப் பற்றியும் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பெற்றோலும் இல்லை, எங்கும் போக வழியில்லை. நடந்து போகக்கூடிய தெருக்களில் மட்டும் எடுத்தேன். மெழுகுதிரி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிற கடைக்காரர், வீதியில் கதிரை போட்டு இருந்த குடும்பங்கள், காஸ் சிலிண்டர் வரிசைக்கு விடியமுன் வந்து படுத்தவர்கள். அதற்கு முதல் வருடம் மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, கரையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் குறுணி மண்ணோடு கலந்து கிடந்தது. அதே மணலை அதற்கு முன்னால் எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் என்ன போயிற்று என்று விளங்கியது. சும்மா ஒரு பின்னேரம் எடுத்த வெறும் மணல் படத்துக்கு அப்படி ஒரு வேலை வரும் என்று எடுக்கும்போது யாருக்குத் தெரியும்?

எடுத்த படத்தை ஆட்களுக்குக் கொடுங்கள். போனில் அனுப்புவது ஒன்று, சந்தியில் ஸ்டூடியோவில் அச்சடித்துக் கையில் கொடுப்பது வேறு. கொடுத்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிட்டு இன்னோர் ஒழுங்கையைக் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்த இடங்களில் பாதி இப்படி வந்தவை.

பமுணுகமவுக்கு அப்பால் கால்வாயின் வடக்கு முனை வரைக்கும் நான் சரியாக எடுத்ததில்லை. அது நீர்கொழும்புக்காரர் எழுதவேண்டியது. எழுதினால் மாதத்தையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள், கரைவலைக் காலத்தில் வந்து பார்க்கிறேன்.